ஆடி மாதத்தில் குழாய் உறையாமல் காப்பது எப்படி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஆக்லாந்துத் தமிழ்ச் சங்க மலருக்கு ஆசிரியராக இருக்கும் பூங்கோதை ஒரு நாள் கூப்பிட்டு, "இந்தத் தடவை கதை கிதை எல்லாம் வேண்டாங்க. நாலு பேருக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார்.

பயன்படுகிற மாதிரி என்றால்?

"குளிர்காலத்துல ஆளில்லாத ஹாலிடே ஹோம்ல தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்காம பாத்துக்கிறது எப்படின்னு ஒரு கட்டுரை. நம்மாளுங்க இப்போ நிறைய வாங்குறாங்கல்ல?"

நிறையவாம்! எனக்குத் தெரிந்து மூன்று பேர். மூவரும் மலரை வாங்கித் தங்கள் போட்டோ வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அதன் மேல் சமோசாவை வைத்துச் சாப்பிடுவார்கள். மிச்சப் பேருக்கு இருக்கிற ஒரு வீட்டின் மார்ட்கேஜ் கட்டவே முழி பிதுங்குகிறது. அவர்களிடம் போய், உங்கள் இரண்டாவது வீட்டுக் குழாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் அடிக்க வர மாட்டார்களா?

இருந்தாலும் எழுதினேன். சங்கத்தைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் பொங்கலுக்குக் கரும்பு வாங்க முடியாது. கட்டுரையின் முதல் பத்தி இது:

"தண்ணீர் உறையும்போது விரியும். விரிய இடமில்லாவிட்டால் குழாய் வெடிக்கும். ஆகவே குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டின் குழாய்களில் தண்ணீரே இருக்கக் கூடாது. முதலில் தெருவோரத்து மூடியைத் திறந்து மெயின் வால்வை அடைக்க வேண்டும். பிறகு வீட்டுக்குள் போய்..."

நின்றுவிட்டது. 'வீட்டுக்குள் போய்' என்று எழுதியதும் எனக்குக் குமாரசாமி ஞாபகம் வந்துவிட்டது. சொந்த வீட்டுக்குள் போக முடியாத வீட்டுக்காரர். அதற்கு மேல் கட்டுரையாவது மண்ணாங்கட்டியாவது.

2

தொடக்கம் ஒன்று: "ருவாபெஹு மலையின் வெண்பனிச் சிகரம் இளங்கதிரில் பொன்னாய் ஜொலிக்க..."

சீச்சீ. டிராவல் ஏஜென்சி நோட்டீஸ்.

தொடக்கம் இரண்டு: "குமாரசாமி நல்ல மனிதர்தான், ஆனால்..."

ஆனால் போடுவதென்றால் நல்ல மனிதர் எதற்கு? இதுவும் வேண்டாம்.

நேராகவே ஆரம்பிக்கிறேன். குமாரசாமி ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் இருக்கிறார். ஐ.டி. கம்பெனி ஒன்றில், மற்றவர்கள் செய்யும் வேலையைப் பற்றிக் கூட்டம் போடுகிற வேலை. போன ஆனி மாதக் கடைசியில் ஒஹாகுனேயில் ஒரு விடுமுறை வீடு அவர் கைக்கு வந்தது. ஒஹாகுனே, ஆக்லாந்திலிருந்து காரில் அரைநாள் தெற்கே ருவாபெஹு மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர். ஊர் வாசலில் ஒரு பிரம்மாண்டமான கேரட் சிலை நிற்கும். சனங்கள் அங்கே பனிச்சறுக்கத்தான் போவார்கள். குமாரசாமி பனியில் சறுக்கியதில்லை. கிளென்ஃபீல்ட் மாலில் ஈரத்தரையில் சறுக்கி விழுந்ததோடு சரி.

பிறகு எதற்கு வீடு? அடடா, இது ஒரு கேள்வியா! இந்த ஊரில் விடுமுறை வீட்டுக்கு 'பாச்' என்று பெயர். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவரிடம், "வீக்கெண்ட் பாச்சுக்குப் போலாம்னு..." என்று இழுக்க வேண்டாமா? அதற்குத்தான். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே அவர் வாயில் நெய் ஒழுகும்.

குழாய் விஷயத்தில் மனிதர் கில்லாடி. அதாவது, வீடியோ பார்ப்பதில் கில்லாடி. வெந்நீர் சிலிண்டரில் தண்ணீரை வடிப்பதற்கு முன் அதன் மின்சாரத்தை நிறுத்தாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி கருகிவிடும் என்பதை, வீடே இல்லாதவர்களைக் கூடப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் சாவி வந்த அன்றே அவர் மனைவி கல்யாணி சொல்லிவிட்டார்: "ஆனியும் ஆகாது, ஆடியும் ஆகாது. ஆவணியில நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சிக்கலாம். அதுவரைக்கும் நம்ம வீட்டு ஆள் ஒருத்தரும் வாசப்படி தாண்டக் கூடாது."

"தண்ணியை வடிச்சுவிடணுமே கல்யாணி?"

"ஆவணியில வடிங்க."

3

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன். அவசரமுள்ளவர்கள் நாலாம் பகுதிக்குப் போய்விடலாம்.

ஆடி என்றால் நம்மூரில் காற்றடிக்கும், விதைப்பு நடக்கும், எவன் கையிலும் காசிருக்காது. அதனால் யாரும் வீடு மாற மாட்டார்கள். சரி, நியாயம். நியூசிலாந்தில் ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. வருஷத்திலேயே கொடுங்குளிர். மலையடிவாரத்தில் விடிகாலையில் புல் கண்ணாடியாக நொறுங்கும். வீட்டுக்குள் போய்த் தண்ணீரை வடித்தே ஆகவேண்டிய மாதமும், வீட்டுக்குள் போகவே கூடாத மாதமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. நாம் விமானம் ஏறும்போது பஞ்சாங்கத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். வெயிலை மறந்துவிட்டோம்.*

(*புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்து வைப்பதும் இந்த லட்சணம்தான். சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்தால் தாங்காதாம். இங்கே சித்திரையில் ஸ்வெட்டரைத் தேடுகிறோம். ஆனாலும் பிரித்து வைத்துவிடுகிறோம், விடுவோமா!)

கல்யாணி கும்பகோணத்து ஜோசியர் ஒருவரை வாட்ஸப்பில் பிடித்தார். ஜோசியர் நிலவரத்தைக் கேட்டுவிட்டு, "பைப்புல தண்ணி உறையுமா? அதெப்படிம்மா உறையும்? ஃபிரிட்ஜுக்குள்ளயா வீடு வாங்கியிருக்கீங்க?" என்றாராம். அவர் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான். பிறகு தொழிலுக்கு வந்துவிட்டார். "குடும்பத்தார் கால் படப்படாது. வெளியாள் போனால் தோஷமில்லை."

4

முதல் வரைவில் கல்யாணியை ஒரு அசடாக எழுதியிருந்தேன். மஞ்சள் பை, விபூதிப் பொட்டலம், எதற்கெடுத்தாலும் "ஐயோ சாமி குத்தம்". எழுத வெகு சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது.

கல்யாணி மருத்துவமனையில் சீனியர் நர்ஸ். மானிட்டரில் கோடு ஆடுகிற ஆட்டத்தை வைத்து டாக்டருக்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறவர். சக நர்ஸ் யாராவது கழுத்தில் தாயத்தோடு வந்தால், "கழட்டி வைம்மா, இன்ஃபெக்ஷன்" என்பார். இந்தப் பெண்மணிக்கு ஆடியைப் பற்றி என்ன பயம்?

அவர் மகள் தாரிணி. தாரிணியின் கணவன் நிதின். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த இளசுகள் கிளென் ஈடனில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். பழைய வீட்டின் ரென்ட் காலம் முடிந்துவிட்டதால் அவசரம். அது ஆடி மாதம். கல்யாணி ஒன்றும் சொல்லவில்லை. புரட்டாசி பிறப்பதற்குள் தாரிணியின் வயிற்றில் இருந்தது நழுவிப் போய்விட்டது.

இப்படி நழுவுவதற்கு என்னென்ன காரணங்கள் என்று கல்யாணி உங்களுக்கும் எனக்கும் வகுப்பே எடுப்பார். ஆடி அதில் வராது. இப்போது தாரிணி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் அ ஹவுஸ்" என்று மகள் சொன்னபோது கல்யாணி, "இருக்கட்டும்டி, ஒரு மாசம்தானே" என்றார். அதற்கு மேல் அவர் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. நானும் மஞ்சள் பையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். குமாரசாமியைத் திட்டலாம், அது எனக்கு வசதி.

5

ஒஹாகுனேயில் மைனஸ் ஆறு வரும் என்று வானிலைக்காரர்கள் சொன்ன வாரம் குமாரசாமிக்குத் தூக்கம் போயிற்று.

(பிளம்பரைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். அந்தப் பக்கத்துப் பிளம்பர்கள் எல்லாரும் ஏற்கெனவே வெடித்த குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தவிர, முன்பின் தெரியாதவன் பூட்ஸ் காலோடு முதலில் நுழைவதில் கல்யாணிக்குச் சம்மதமில்லை.)

ஆக, போகிறவர் நம்ம ஆளாகவும் இருக்க வேண்டும், நம்ம ஆளாகவும் இருக்கக் கூடாது. இப்படியொரு பிராணியை எங்கே தேடுவது? குமாரசாமி தேடவே இல்லை. நேராகக் கிளெமென்டுக்குப் போன் போட்டார்.

கிளெமென்ட் இலங்கை மன்னார்க்காரர், கத்தோலிக்கர். பாட்டனி டவுன்ஸில் ஃபர்னிச்சர் கடை மேனேஜர். குமாரசாமி ஆக்லாந்துக்கு வந்த புதிதில் பக்கத்து ஃபிளாட். அன்றிலிருந்து சிநேகம். குமாரசாமிக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டியவர் இவர்தான். குழாயைப் பற்றி இவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான்.

"முழங்கால் ரொம்பப் படுத்துது கிளெமென்ட். குனிய முடியல. நீங்க வந்து உள்ள வேலையைப் பாத்துட்டீங்கன்னா, நான் வெளிய நின்னு சொல்லிடுவேன்."

"அதுக்கென்ன ஐசே, போவம்" என்றார் கிளெமென்ட்.

ஏன் பொய்? உண்மையைச் சொல்லியிருந்தாலும் கிளெமென்ட் வந்திருப்பார் என்று குமாரசாமிக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் தொந்தரவு. "எங்க வீட்டுக்கு வரக்கூடிய கெடுதலை உங்க தலையில எறக்கி வைக்கப் போறேன்" என்பதை எந்த வாயால் சொல்வது? முழங்கால் பாவம், வாயில்லாதது. அதன் மேல் போட்டுவிட்டார்.

கிளெமென்டின் மனைவி விக்ரோறியாவுக்கு மூக்கில் வேர்த்தது. "இஞ்சேருங்கோ, உங்கட சிநேகிதருக்கு முழங்காலிலதானே வருத்தம்? பைப்பைத் திறக்கிறது காலாலேயோ?"

"சும்மா இரும்" என்றார் கிளெமென்ட். அதோடு காரில் ஏறிவிட்டார்.

6

மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வானம் சாம்பலாக இருந்தது. வீடு, நான் வர்ணிக்கப் போவதில்லை, தகரக் கூரை போட்ட ஒரு மரவீடு. முந்தைய சொந்தக்காரர் சட்டிபானை, கட்டிலோடு விற்றுவிட்டுப் போயிருந்தார்.

குமாரசாமி சாவியை நீட்டினார். கிளெமென்ட் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அந்தக் குளிரில், யாரும் சொல்லாமலே. குமாரசாமி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு ஒரு பெரிய சட்டச் சிக்கல். வெளியே மரப்பலகை போட்ட டெக் இருந்தது. அது வீட்டில் சேர்த்தியா, இல்லையா? கல்யாணிக்குப் போன்.

"கூரை இருக்கா?"

"இல்ல."

"அப்போ நிக்கலாம்."

சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்ன மாதிரி குமாரசாமி டெக்கில் ஏறி நின்று, அடுக்களை ஜன்னல் வழியாக அதிகாரம் செய்ய ஆரம்பித்தார். "மொதல்ல ஸ்விட்ச்! சிலிண்டர் ஸ்விட்ச்!" "ஓம், நிப்பாட்டிட்டன்." "இப்போ நான் தெருவுல மெயினை அடைக்கப் போறேன்!" "பொறுங்கோ, தேத்தண்ணிக்குக் கொஞ்சம் தண்ணி பிடிச்சு வைப்பம்."

குமாரசாமி தெருவோரத்துக்கு நடந்து போய், மூடியைத் திறந்து, மண்டியிட்டு உட்கார்ந்து வால்வை அடைத்தார். ஆமாம், மண்டியிட்டு. திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் கிளெமென்ட் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் இவ்வளவு சீக்கிரம் குணமான அதிசயத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கிளெமென்ட் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார். டாய்லெட் தொட்டியைக் காலி செய்தார். வாஷிங் மெஷின் பைப்பைக் கழற்றினார். சிலிண்டரின் தண்ணீர் ஹோஸ் வழியாகப் புல்லில் இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கி முடிய நேரமாகும். வெளியே மழையும் பனியும் கலந்து தூற ஆரம்பித்தது. குமாரசாமி அசையாமல் நின்றார். தலையில் ஒரு சூப்பர்மார்க்கெட் பை.

"உள்ளுக்கு வாங்கோவன்."

"இல்ல, எனக்குக் காத்தாட நிக்கணும்."

மைனஸ் ஆறு வரப்போகிற ஊரில் காத்தாட. எழுதுகிற எனக்கே வெட்கமாக இருக்கிறது.

7

இப்போது கதையின் முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள், நானும் கவனமாக எழுதுகிறேன்.

கிளெமென்ட் வழியில் டேரி என்கிற ஒரு மூலைக்கடையில் பால் வாங்கியிருந்தார். சிலிண்டர் வடிகிற நேரத்தில் பாலை ஒரு சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தார். வைத்துவிட்டு அடுக்களைத் தொட்டிக்குக் கீழே குனிந்து, அடியில் தண்ணீர் நிற்கும் வளைவுக் குழாயைக் கழற்றப் போனார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற குமாரசாமி பார்த்தார். பால் விளிம்புக்கு வந்தது.

"பால்! கிளெமென்ட், பால்!"

"ஓம் ஓம், பால் தேத்தண்ணிதான் போடுறன்" என்றது தொட்டிக்கு அடியிலிருந்து குரல்.

பொங்கிற்று. நன்றாக நுரைத்து, சுர்ரென்று அடுப்பில் வழிந்தது. குமாரசாமிக்குக் கண் தன்னால் திசை பார்த்தது. கிழக்குப் பக்கம். கல்யாணி ஆவணியில் புதுப் பாத்திரம், வெற்றிலை, மஞ்சள், ஐயர் எல்லாம் வைத்துச் செய்ய இருந்த பால் காய்ச்சல், ஆடி மாதத்தில், வெறும் சாக்ஸ் போட்ட ஒரு மன்னார்க் கத்தோலிக்கர் கையால், தவறாத திசையில் நடந்து முடிந்துவிட்டது. குமாரசாமி வாய் பிளந்து நின்றார்.

கிளெமென்ட் எழுந்து, அடுப்பை அணைத்து, துடைத்தார். அப்போதுதான் அவர் போன் அடித்தது. கல்யாணி. குமாரசாமியின் போன் குளிரில் செத்துப்போயிருந்தது. கிளெமென்டின் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, உள்ள போயிட்டீங்களா?"

"ஓம் தங்கச்சி, உள்ளுக்குத்தான் நிக்கிறன்."

"அவர் வாசப்படி தாண்டலையே?"

"இல்லை, அவருக்கு முழங்கால்..."

"முழங்காலுக்கு என்ன? நல்லாத்தானே இருந்தார்? ஆடியில எங்க வீட்டு ஆளுங்க கால் படக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாருண்ணா. தாரிணி இப்படி இருக்கிற நேரத்துல எதுக்கு வம்புன்னுதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா. உங்களுக்குத்தான் ஆடி கிடையாதே."

"ஓம்" என்றார் கிளெமென்ட். "ஓம், தங்கச்சி."

போனை வைத்தார். இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினார். வாசல் கதவைத் திறந்து, படிக்கு உள்பக்கம் நின்றார். இரண்டு கையிலும் கோப்பை. குமாரசாமி டெக்கில், நனைந்து, தலையில் பையோடு.

"ஐசே, எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு. ஜனுஷா. தெரியுந்தானே?"

"கிளெமென்ட், அது வந்து... நான் இதையெல்லாம் நம்புறவன் இல்ல..."

"நீங்கள் நம்பேல்லை எண்டால் உள்ளுக்கு வாங்கோ. நம்பிறியள் எண்டால், என்னை ஏன் அனுப்பினனியள்?"

குமாரசாமி தலையில் இருந்த பையை இழுத்துச் சரிசெய்தார். அவருக்காக நான் ஒரு பதில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"டீயை... வெளிய குடுங்களேன்."

"தர மாட்டன்" என்றார் கிளெமென்ட். குரல் உயரவில்லை. "உள்ளுக்கு வந்து குடியுங்கோ. ஆறுது."

8

முடிவு (அ): குமாரசாமி படியைத் தாண்டுகிறார். தேநீர் குடிக்கிறார். மாசியில் தாரிணிக்குக் கொழுகொழுவென்று குழந்தை பிறக்கிறது. மூடநம்பிக்கை ஒழிந்தது, நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

தூ. ஒரு பச்சைக் குழந்தையைச் சாட்சிக்கு இழுத்து என் கட்சியை ஜெயிக்க வைப்பதா? கும்பகோணத்துக்காரர் செய்வதும் இதேதானே. அவருக்காவது அது பிழைப்பு.

முடிவு (ஆ): தாண்டவில்லை. கிளெமென்ட் இரண்டு கோப்பையையும் புல்லில் கொட்டிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுக்கிறார். ஆக்லாந்து வரைக்கும் காரில் ரேடியோ மட்டும் பேசுகிறது. குழாய்கள் பத்திரம். ஆவணியில் ஐயர் வைத்துப் பால் காய்ச்சுகிறார்கள். அது இரண்டாம் தடவை என்பது குமாரசாமிக்கு மட்டும் தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் கல்யாணி கேட்கிறார்: "விக்ரோறியா அக்காவைக் காணோமே, சொல்லலையா நீங்க?"

இது நடக்கக் கூடியது. நம்மிடையே ஊர் முழுக்க நடப்பது. அதனாலேயே பிடிக்கவில்லை.

முடிவு (இ): குமாரசாமி படியைத் தாண்டுகிறார். அடுத்த வாரம் தாரிணிக்கு

இல்லை. இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. மூன்று நாளாக முயன்றேன். வெறும் கதை, வெறும் மை, தாரிணி என்று யாரும் கிடையாது என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். இத்தனை பக்கம் ஆடியைப் பார்த்துச் சிரித்தவனுக்கு, ஒரு கற்பனை வயிற்றைப் பற்றி ஒரு வரி எழுதக் கை வரவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டால் நடந்துவிடுமோ என்று. காலண்டரைப் பார்த்தேன், சங்க மலருக்குக் கெடு ஆடி பதினெட்டு. போதாதா?

ஆகவே குமாரசாமியைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. கல்யாணியைத் திட்டும் யோக்கியதை முதலிலேயே இல்லை. கிளெமென்டின் முகத்தில் விழிக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

9

பூங்கோதைக்குக் கட்டுரை என்று இதையே அப்படியே அனுப்பிவிட்டேன். "நடுவுல 'தாரிணிக்கு'ன்னு ஒரு வரி பாதியில நிக்குதே?" என்று கேட்டார். அச்சுப் பிழை இல்லை, அப்படியே போடுங்கள் என்றேன்.

அந்த வரியை நீங்கள்தான் முடிக்க வேண்டும். உங்கள் மகளை நினைத்துக்கொள்ளுங்கள், கிளெமென்டின் மகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருவரையும் நினைக்காமல் முடிப்பதென்றால் தொடவே வேண்டாம், மலரை மடித்துச் சமோசா வையுங்கள்.

வீட்டில் எல்லாக் குழாயும் திறந்து கிடக்கிறது. ஒன்றிலும் தண்ணீர் இல்லை. வாசலில் ஒருவர் சாக்ஸ் காலோடு, இரண்டு கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் குளிருகிறது.

"முதலில் தெருவோரத்து மூடியைத் திறந்து மெயின் வால்வை அடைக்க வேண்டும். பிறகு வீட்டுக்குள் போய்